ஓரத்திலிருந்து நடுவுக்கு

…காய்ந்துதான் இருந்தது, இன்றைக்கும், கையை உள்ளே விட்டு இடுக்குவரை தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரமில்லை, நேற்று மாலை கட்டிவிட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது, புதன்கிழமையிலிருந்தே இப்படித்தான். காலையில் எழுந்ததும் அத்தாவின் கைலியை விலக்கி டயப்பரைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. ஆரம்பத்தில் குமட்டியது, பிறகு பழகியது, பிறகு அது வேலையாகவே தோன்றவில்லை, வெளியே கிளம்பும்போது சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. நான் தொடும்போது அத்தா மேலே சுற்றும் ஃபேனைத்தான் பார்ப்பார், அது சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வந்த எலக்ட்ரீஷியன்போல முகத்தை வைத்துக்கொள்வார். காய்ஞ்சிருக்குத்தா, என்றேன். ம் என்றார். அந்த ஓர் எழுத்தில் ஒரு பெருமை இருந்ததாகக்கூட எனக்குப் பட்டது. அடுப்படியில் போய்ச் சொன்னேன், அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், தங்கச்சி ஷிஃபா மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி வாசல்படியில் நின்று, நெசமாவாண்ணே என்றாள், நிஜம்தான் என்றேன், ஏதோ நானே அதைச் சாதித்துவிட்டதுபோல. இன்றைக்கு அவளுக்கு நிக்காஹ். பதினொரு மணிக்குப் பெரிய பள்ளிவாசலில் அத்தா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்வாரா, சொல்ல வருவாரா என்பதுதான் இரண்டு மாதமாக இந்த வீட்டில் பேச்சு. இனி கவலையில்லை. காய்ந்திருக்கிறது.

எதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போது யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது, ஒரு மனிதன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு அவன் இடுப்பில் கட்டிய பஞ்சு காய்ந்திருப்பதுதான் அத்தாட்சியா, ஆனால் இந்த வீட்டில் ஒன்றரை வருடமாக எல்லாவற்றையும் அந்தப் பஞ்சை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். மருந்துக் கடையில் அதைக் கறுப்பு கவரில் போட்டு வாங்கிவரச் சொல்வாள் அம்மா, ஊரே பார்த்தாலும் கவர்தான் தெரிய வேண்டும், ஊருக்குக் கறுப்பு கவர் என்றாலே என்னவென்று தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் பொழுது போகாமல் புது டயப்பர் ஒன்றைக் கத்தரியால் கிழித்துப் பார்த்தேன், உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று, அதற்கு நடுவில் பொடி உப்பு மாதிரி மணிகள், ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன், ஊற்ற ஊற்றக் குடித்தது, வீங்கியது, கண்ணாடி ஜெல்லிபோல ஆகிவிட்டது, கவிழ்த்தால் விழவில்லை, பிழிந்தால் சொட்டவில்லை. துணி அப்படியில்லை, துணி குடிக்கும், பிழிந்தால் திருப்பித் தந்துவிடும், கொடியில் போட்டால் மறந்தும்விடும். இது தராது. கடைசியில் வீட்டிலிருந்த வேதாரண்யத்துக் கல்லுப்பை அள்ளிப் போட்டேன், என்ன நினைத்துப் போட்டேனோ, கொஞ்ச நேரத்தில் அது இளகித் தண்ணீரை விட்டுவிட்டது, கிண்ணத்தில் வெறும் கலங்கல். ஷிஃபா பார்த்துவிட்டு, மெட்ராஸ்ல படிச்சுட்டு வந்து இதத்தான் பண்றியாண்ணே, என்று சிரித்தாள். நான் மெட்ராஸில் படிக்கவில்லை, வேலைதான் பார்த்தேன், அதையும் விட்டுவிட்டேன், ஆனால் அதைத் திருத்த எனக்குச் சோம்பலாக இருந்தது.

அத்தா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். நிச்சயம் முடிந்த அன்றே சொன்னார், இதக் கட்டிக்கிட்டுப் பள்ளிவாசலுக்குள்ள வரமாட்டேன், அது தொழுகுற எடம். சரி வீட்டிலேயே நிக்காஹை வைத்துக்கொள்ளலாம் என்றார் சின்னத்தா, அத்தாவின் தம்பி ஷேக் பரீத், எல்லாவற்றையும் சுலபமாக்கிவிடுவதில் சின்னத்தாவுக்கு ஒரு ருசி உண்டு. அத்தா அதற்கும் மாட்டேன் என்றார், இந்தத் தெருவில் எல்லோர் மகளுக்கும் பள்ளிவாசலில்தான் நிக்காஹ், என் மகளுக்கும் அங்கேதான். அப்படியென்றால் தகப்பனுக்குப் பதில் அண்ணன் கையைப் பிடித்துக் கொடுக்கட்டும், மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது, யூனுஸ் எதுக்கு இருக்கான், என்று சின்னத்தா என் முதுகில் தட்டினார். அப்போதுதான் ஷிஃபா வாயைத் திறந்தாள். அவள் பிறந்தபோது அத்தா இல்லை, பேசத் தொடங்கியபோது இல்லை, வயதுக்கு வந்தபோது இல்லை, கல்லூரியில் சேர்ந்தபோது போனில் இருந்தார். கையையாவது அவங்க புடிச்சுக் குடுக்கட்டும், இல்லைன்னா எப்பவாச்சும் பண்ணிக்கலாம், என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தைக் கூட்டிவந்தோம். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முடியாதவங்களுக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு, சுத்தம் பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு கட்டிட்டு ஒளு செஞ்சுட்டு வாங்க, ஒண்ணும் தப்பில்ல, என்று பொறுமையாகச் சொன்னார். அத்தா ஃபேனைப் பார்த்தார். அதோடு பல நாள் போனது. திடீரென்று இந்தப் புதன்கிழமை காலை அவராகவே, நான் வர்றேன்டா, என்றார். அன்றைக்கு மதியம் தொட்டுப் பார்த்தபோது காய்ந்திருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை, மனசு தெளிந்ததும் உடம்பும் கட்டுக்குள் வந்துவிட்டது என்று சேர்த்துப் பார்த்தேன்.

அவரை எனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால்… குவைத் சண்டை முடிந்த மறுவருடம் போனவர், நான் அப்போது அரைக்கால் சட்டை. இங்கே கூத்தாநல்லூரில் அந்த வருடங்களில் ஆண்பிள்ளைகள் என்றால் கிழவர்களும் எங்களைப் போன்ற சிறுவர்களும்தான், நடுவயது முழுக்க அரபு நாட்டில் இருந்தது, தெருவில் மாடி மேல் மாடியாக வீடுகள் எழும்பின, உள்ளே பெண்கள் மட்டும் நடந்தார்கள். எண்ணெய்க் கிணறுகள் எரிந்து பாலைவனத்தில் குளம் குளமாகத் தேங்கிய கச்சா எண்ணெயை வாரும் கூட்டத்தில் அத்தா முதலில் இருந்தார், பிறகு ஒரு சுத்திகரிப்பு ஆலையில், குழாய் கசிந்தால், பீப்பாய் கவிழ்ந்தால் ஓடிப்போய் உறிஞ்சு துணி போடுகிற வேலை, கடைசிவரை அதே வேலை. ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது அடுப்படியில் மண்ணெண்ணெய் கொட்டிவிட்டது, அம்மா கந்தல் துணியை எடுத்து நடுவில் போட்டுத் துடைக்கப் போனாள், அத்தா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார், நடுவுல போடாத, ஓரத்துல போடு, ஓரத்தக் கட்டு மொதல்ல. மரத்தூளைச் சுற்றிலும் வரப்புபோலப் போட்டு, துணியைச் சுருட்டிக் கரைபோல வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார், முட்டிபோட்டுக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு. அம்மா இடுப்பில் கைவைத்து நின்று, இது உங்க கம்பெனி இல்லீங்க, என் அடுப்படி, நவுருங்க, என்றாள். அவர் நகரவில்லை. அவர் ஏதோ ஒன்றைத் தெரிந்து செய்வதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், மற்றபடி அவர் எனக்கு ஒரு பெட்டி, சென்ட் வாசனை, கோடாலித் தைலம், விடுமுறை முடிந்ததும் காலியாகிப்போகும் ஒரு கட்டில். வெள்ளிக்கிழமை போன் வரும். நல்லா இருக்கீங்களாத்தா? நல்லா இருக்கேன். வேலை எப்படி இருக்கு? அது பாட்டுக்கு இருக்கு. சரித்தா. சரிடா. அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். வெயிலில் மயங்கி விழுந்தார், கூட வேலைசெய்தவர் ஒருவர் கண்முன்னே கருகினார், இதெல்லாம் பிற்பாடு வேறு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சிந்தியது அவ்வளவும் எங்கே போனது? இங்கே ஒரு சொட்டு வந்து சேரவில்லையே.

எட்டு மணிக்குத் தியாகேசன் வந்துவிட்டார், எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவர், இரண்டு வாழைத்தாரும் வெள்ளை வேட்டியுமாக, அத்தாவை நாற்காலியோடு தூக்க எனக்கு ஒரு கை வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். உள்ளே வந்ததுமே, என்ன ராவுத்தரே, மாப்புள யாருன்னு எனக்கே கொழப்பமா இருக்கு, என்றார். அத்தாவின் ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது, இடது பக்கம் எப்போதும் போலத் தொங்கியது. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, வயல் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கிட்டு நேத்து ஒரே கூப்பாடு, என்றார் என்னிடம். எனக்கு வெடித்த வயல் பிடிக்கும், அதை யாரிடமும் சொன்னதில்லை, முதல் தண்ணீர் வாய்க்காலில் வந்து மடை திறந்ததும் வயலில் தண்ணீரே நிற்காது, போய்க்கொண்டே இருக்கும், வெடிப்புக்குள் களக் களக் என்று ஒரு சத்தம் கேட்கும், எவ்வளவு குடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெட்ராஸில் கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சி கொடுத்த பெண் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யச் சொன்னாள், வாடிக்கையாளர் கத்துவார், எதிர்த்துப் பேசாதே, விளக்கம் சொல்லாதே, முதலில் அவர் கோபத்தை உள்வாங்கு, முழுசாக உள்வாங்கு, அப்புறம்தான் அவர் நீ சொல்வதைக் கேட்பார். நானும் வாங்கினேன். அங்கே பகல், இங்கே ராத்திரி, யாரோ ஒருத்தரின் வங்கி அட்டை வேலை செய்யவில்லை, அதற்கு நான், யாருக்கோ வட்டி ஏறிவிட்டது, அதற்கும் நான், நாலு வருடம், காதுவழியாக. ஒருநாள் ஒரு கிழவி கத்தவில்லை, அழுதாள், அவ்வளவுதான், நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன், திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்துத்தான் அத்தாவுக்குப் பக்கவாதம், விமானத்தில் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார். தகப்பனப் பார்த்துக்க வேலைய விட்டுட்டு வந்த புள்ள என்று ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. நான் மறுக்கவில்லை. ஏன் விட்டாய் என்று யாரும் கேட்டதுமில்லை, கேட்டால் சொல்வதற்கு வார்த்தைகளைக்கூட ஒரு காலத்தில் தயாராக வைத்திருந்தேன்.

குளிப்பாட்டினேன், தோலைத் தேய்க்கும்போது ஒரு இடத்தில் மடிப்பு எழுந்து அப்படியே நின்றது, வயசு என்று நினைத்தேன். புது டயப்பர் கட்டினேன், வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டேன், வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தபோது கொப்புளித்ததை அப்படியே கிண்ணத்தில் துப்பினார், பாதி வழக்கமாக உள்ளே போய்விடும், இன்றைக்குத் துல்லியமாகத் துப்பினார், அதையும் முன்னேற்றம் என்றே கணக்கில் வைத்தேன். தியாகேசன் காருக்கு வழி பார்க்க வெளியே போனார். தொப்பியை எடுத்து அத்தாவின் தலையில் வைக்கப் போனேன், கை நழுவிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் விழுந்துவிட்டது, அது அவர் நல்ல கையின் பக்கம். கட்டிலை இழுத்தேன். அத்தா, வேணாம் வேற தொப்பி எடு, என்றார், குரல் அவ்வளவு வேகமாக வந்து ஒன்றரை வருடமாகிறது. நான் அதற்குள் குனிந்துவிட்டேன். சுவரோரமாகக் கைலிகள், அவருடைய பழைய கைலிகள், ஒன்று சுருட்டிச் சுற்றிலும் கரை கட்டினாற்போல வளைத்து வைத்திருந்தது, அதற்குள்ளே மற்றவை மடிப்பு மடிப்பாக, ஓரம் உயர்ந்து நடு பள்ளமாக, ஒற்றைக் கையால் இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய எத்தனை நேரம் ஆகியிருக்கும். தூக்கினேன். கனம். டீ வாசம், கஞ்சியின் புளிப்பு, தண்ணீர். கீழே தரையில் ஒரு சொட்டு ஓடியிருக்கவில்லை.

அம்மா கொண்டுவந்து பக்கத்தில் வைத்த ஒவ்வொரு டம்ளரும். அவள் முகத்தைத் திருப்பிய நேரம் பார்த்து இதில் ஊற்றியிருக்கிறார். காலி டம்ளரைப் பார்த்து, இன்னைக்கு நல்லாக் குடிச்சாங்க, என்று அவள் என்னிடம் சொன்னாள், நேற்றுகூடச் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன், தரையில், அந்த ஈரத் துணி மடியில்.

“என்னத்தா இது?”

“கதவச் சாத்து.”

சாத்தினேன். “புதன்கிழமையிலேருந்தா?”

“வாய நனச்சுக்கிட்டேன்டா. சும்மா இல்ல.”

“டாக்டர் என்ன சொன்னாரு? தண்ணி கொறஞ்சா ரத்தம் கட்டியாயிடும், இன்னொரு தடவ வந்தா எங்க கையில இல்லன்னு சொன்னாருல்ல? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?”

“சொன்னாரு. நிக்காஹ் முடியட்டும், குடிக்கிறேன்.”

அப்போதுதான் அவர் உதட்டைச் சரியாகப் பார்த்தேன், ஓரங்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது, நாக்கு பேசும்போது அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது, மூன்று நாளாக அவர் முகத்தைப் பார்க்காமல் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியும் எதைப் பார்த்தேன் என்று. கோபம் வந்தது, கத்த முடியாத கோபம், வீடு நிறைய ஆள். அதுக்குத்தானேத்தா இதக் கட்டியிருக்கு, என்றேன், எவ்ளோ வந்தாலும் தாங்கும், வெளியில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, நான் கிழிச்சே பாத்திருக்கேன். அத்தா என்னைப் பார்த்தார், ஃபேனை அல்ல, என்னை.

“தாங்கும். எனக்கு நீ சொல்றியா? என் காலமெல்லாம் அதத்தானடா போட்டு எடுத்தேன்.” மூச்சு வாங்கினார். “மத்தவங்களுக்குத் தெரியாது. சரி. மாப்புள கையப் புடிச்சுக்கிட்டு இருக்கறப்ப வந்துச்சுன்னா… எனக்குத் தெரியுமேடா.”

அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிட்டிருந்தால் சின்னத்தா வருவார், ஆம்புலன்ஸ் வரும், திருவாரூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், பள்ளிவாசலில் நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஷிஃபா எல்லாவற்றையும் போல இதையும் அத்தா இல்லாமல் முடித்துக்கொள்வாள். கூப்பிடாவிட்டால்… அதை முழுசாக நினைக்க முடியவில்லை. டம்ளரில் தண்ணீர் எடுத்து நீட்டினேன், ஒரு வாய் குடித்தார், விழுங்கினார், தொண்டை இறங்கி ஏறுவதைக் காட்டுவதற்காகவே கழுத்தை உயர்த்தி விழுங்கினார், இன்னொன்று என்றேன், உதட்டை மூடிக்கொண்டார். கதவைத் தட்டிய அம்மா, என்னடா கதவச் சாத்திக்கிட்டு, நேரமாவுது, என்றாள். நான் கைலிகளைச் சுருட்டி வாளியில் போட்டு மேலே குளித்த துண்டைப் போட்டு மூடினேன். மூடிய பிறகுதான் கவனித்தேன், நானும் ஓரத்தைத்தான் முதலில் செருகியிருந்தேன். தோ வந்துட்டோம்மா, என்றேன், குரல் சாதாரணமாக இருந்தது, எனக்கே ஆச்சரியமாக இருக்கும் அளவுக்குச் சாதாரணமாக.

பிளாஸ்டிக் நாற்காலியோடு நானும் தியாகேசனும் அவரைத் தூக்கிக் காரில் வைத்தோம், வெயிட்டே இல்லையே ராவுத்தரே, பொண்ணுக்கு எல்லாத்தையும் சீராக் குடுத்துட்டீங்களா, என்றார் தியாகேசன், எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, எடை ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஷிஃபா முற்றத்துக் கதவின் பின்னாலிருந்து பார்த்தாள், அத்தா நல்ல கையை அவளுக்கு உயர்த்திக் காட்டினார், இந்தக் கைதான் என்பதுபோல. பள்ளிவாசலுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த வழி முழுவதும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பாசமாக அல்ல, நாடி பார்த்தேன், நாடி பார்க்கத் தெரியாது, ஏதோ ஒன்று துடித்தது, அது என் கட்டைவிரலின் துடிப்பாகவும் இருக்கலாம். சுமக்கத் தெரியாதவனிடம் ஏன் சொன்னார்? அவர் சொல்லவில்லை, தொப்பி விழுந்தது, நான் கண்டுபிடித்தேன், விழாமல் இருந்திருந்தால் நான் இப்போது வெற்றிபெற்றவன்போல அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எது மேல் என்று தெரியவில்லை. வாசலில் தியாகேசன் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளேவரை தூக்கிவந்தார், பிறகு ஓரமாகப் போய்த் தூணோடு நின்றுகொண்டார்.

உள்ளே சிவப்புக் கம்பளம், ஏசி, அத்தர் வாசனை. அத்தா கம்பளத்தைப் பார்த்தார், தன் காலடியில் இருக்கும் கம்பளத்தை மட்டும். மாப்பிள்ளை நல்ல பையன், துபாயில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான், நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தான், அத்தா கையை நீட்டினார், பிடித்தார், ஹஜ்ரத் மேலே வெள்ளைத் துணியைப் போட்டார். நிக்காஹ் உரையான குத்பா ஓதி முடிந்தது. ஹஜ்ரத் சொல்லிக்கொடுக்க அத்தா திருப்பிச் சொல்ல வேண்டும், எங்க சொல்லுங்க, என் மகள் ஷிஃபாவை. அத்தா, என் மகள், என்றார். அத்துடன் நின்றது. நாக்கு ஒட்டிக்கொண்டது, எனக்குத் தெரிந்தது, ஷ வரவில்லை, உதடு குவிகிறது, காற்றுகூட வரவில்லை. ஹஜ்ரத் மறுபடி சொன்னார். என் மகள், என்றார் அத்தா. சுற்றிலும் இருந்தவர்கள் அழுகிறார் என்று நினைத்தார்கள், யாரோ கண்ணைத் துடைத்தார், துக்கத்தில் தொண்டை அடைக்கிறது பாவம், இத்தன வருஷம் வெளிநாட்டுல இருந்த மனுஷன். சின்னத்தா குனிந்து என் காதில், நீ சொல்லிடுறா, சட்டுனு முடிச்சுடலாம், என்றார். ஒரு கணம் அது எனக்கு நிம்மதியாக இருந்தது, ஆமாம், அதை ஒத்துக்கொள்கிறேன், நான் சொன்னால் ஐந்து நிமிடத்தில் அவரை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்துவிடலாம். அத்தாவின் கையைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குக் கீழே அது மாப்பிள்ளையின் கையை விடாமல் இறுக்கியிருந்தது.

கையோடு கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குடிங்கத்தா, என்றேன், வேறெதுவும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார், மறுபடி என்னை. அப்புறம் குடித்தார். ஒரு வாய் அல்ல, நிறுத்தாமல், ஓரத்தில் வழிந்து வெள்ளைச் சட்டை நனைய, பாட்டில் நசுங்கிச் சத்தம் போடும்வரை குடித்தார், தொண்டைக்குள் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை பொறுமையாகக் காத்திருந்தான். அத்தா மூச்சை விட்டுவிட்டு, ஹஜ்ரத் எடுத்துக்கொடுப்பதற்கு முன்பே, என் மகள் ஷிஃபாவை உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு குடுத்தேன், என்றார், பாதி வாயால்தான், ஆனால் பின்வரிசை வரை கேட்டது. ஹஜ்ரத் மெல்லச் சிரித்துவிட்டு, மாப்பிள்ளை தரும் மஹரையும் சேர்த்து முறைப்படி ஒருதரம் சொல்லவைத்தார். ஏற்றுக்கொண்டேன் என்றான் மாப்பிள்ளை. துஆ ஓதும்போது அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை கண்ணை மூடினார், புருவம் ஒரு கணம் சுருங்கியது, திறந்தார். வந்ததா, வலித்ததா, வெறுமனே களைப்பா, தெரியவில்லை. கையை மட்டும் விடவில்லை, மாப்பிள்ளையாக மெதுவாக உருவிக்கொள்ளும்வரை.

பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், சின்னத்தா சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்க ஓடினார், தியாகேசனையும் இழுத்துக்கொண்டு போனார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். காருக்குள் ஏசியைப் போட்டுவிட்டு அத்தாவும் நானும் மட்டும் பின்னால் உட்கார்ந்திருந்தோம், இரண்டாவது பாட்டிலை அவரே நல்ல கையால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். பாத்துறவாத்தா, மாத்தணுமா, என்று கேட்டேன். வீட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம், என்றார், அதில் வெட்கம் எதுவும் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சட்டைகள் பிரியாணிப் பந்தலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சாயங்காலமே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும், அம்மாவிடம் என்ன சொல்வது, வாளியில் கிடப்பதை அவள் துவைப்பதற்கு முன் நான் துவைத்துவிட வேண்டும், இப்படி எதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“மெட்ராஸ்ல உனக்கு என்னடா ஆச்சு?”

ஒன்றரை வருடத்தில் முதல் தடவை. அம்மா கேட்டதில்லை, ஷிஃபா கேட்டதில்லை, யாருமே கேட்டதில்லை, இவர் கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. சொல்லலாம். கார்க் கதவு மூடியிருக்கிறது, யாருமில்லை, இவ்வளவு நெருக்கமாக நாங்கள் உட்கார்ந்து, இருவருக்கும் வேறு வேலையில்லாமல், இப்படி ஒரு நேரம் இதற்கு முன் வாய்த்ததில்லை, இனி வாய்க்குமா என்றும் தெரியாது. அழுத கிழவியிலிருந்து ஆரம்பிக்கலாம். இல்லை, அதற்கும் முன்னாலிருந்து. வாயைத் திறந்தேன்.

“ஒண்ணுமில்லத்தா,” என்றேன். “நல்லாத்தான் இருந்தேன்.”

எவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தது அது, எங்கும் சிந்தாமல். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், சொல்லியிருப்பேனா? அத்தா பாட்டிலின் மூடியைத் திருக முயன்றார், ஒற்றைக் கையில் அது சுற்றிக்கொண்டே இருந்தது, நான் வாங்கி மூடினேன்.

“சரிடா,” என்றார்.